மீட்டர் மாறினால் ரீடிங் மாறாதா?

2025 மார்ச் 22ஆம் தேதி ஆர்க்டிக் கடல் மேல் 1 கோடியே 43 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பனி உறைந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தின் உச்சம் அதுதான். தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978இல் தொடங்கியது. அன்று முதல் அதுவரை இத்தனை குறைவான உச்சம் இருந்ததில்லை. குறைவு என்று சொல்லப்படும் இந்தப் பரப்புக்குள் நான்கு இந்தியாவை வைத்துவிட்டு மிச்சமும் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய பரப்பை, அதுவும் மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத இடத்தை, நாள் தவறாமல் எப்படி அளக்கிறார்கள்? பல வருடங்களாக ஓய்வு நேரத்தில் நான் துருவிக்கொண்டிருக்கும் விஷயம் இது. பதிலின் முதல் வரியே கொஞ்சம் சங்கடமானது. எந்தச் செயற்கைக்கோளும் கடற்பனியை அளப்பதில்லை. அவை வேறு எதையோ அளக்கின்றன. அதிலிருந்து பனியைக் கணக்குப் போட்டு எடுப்பது நாம்தான்.

சாதாரண கேமரா அங்கே உதவாது. குளிர்காலம் முழுக்க இருட்டு. கோடையில் வெளிச்சம் உண்டு, ஆனால் மேகம் விலகாது. வெள்ளைப் பனிக்கு மேலே வெள்ளை மேகம் என்றால் படத்தில் எது எது என்று யார் சொல்வது? ஆகவே வெளிச்சத்தை விட்டுவிட்டு நுண்ணலையைப் பிடித்தார்கள். எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப நுண்ணலைகளை மெலிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. இருட்டோ மேகமோ அதை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் எல்லாப் பொருளும் ஒரே தாராளத்தோடு வெளியிடுவதில்லை. கடல்நீர் மகா கஞ்சன். தன் வெப்பநிலைக்கு வெளியிடக்கூடியதில் பாதியோ அதற்கும் குறைவோதான் தரும். உப்புப் பொதிந்த புதுப் பனி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தந்துவிடும். விளைவு வேடிக்கையானது: மைனஸ் 1.8 டிகிரியில் இருக்கும் கடல்நீர் செயற்கைக்கோளுக்கு நூற்றுச் சொச்சம் கெல்வினாகத் தெரிகிறது, மைனஸ் 20இல் கிடக்கும் பனி 240 கெல்வின் பக்கமாகத் தெரிகிறது. அதாவது வானத்திலிருந்து பார்த்தால் பனிதான் சூடு, கடல்தான் சில்லிப்பு.

இதற்கு மேல் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பனி உறையும்போது உப்புநீர் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்த பனியில் அந்த உப்பு வடிந்துபோய்க் காற்றுக் குமிழிகள் மட்டும் மிஞ்சும். இந்தக் குமிழிகள் 37 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சிதறடிக்கும், 19ஐ அவ்வளவாகத் தொடாது. இரண்டு அலைவரிசையையும் ஒப்பிட்டால் குளிர்காலத்தில் பழம் பனி எது, புதுப்பனி எது என்றுகூட ஓரளவு பிரித்துவிடலாம். அலை படுக்கைவாட்டில் அதிர்கிறதா, செங்குத்தாகவா என்பதும் முக்கியம். நீரில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம், பனியில் குறைவு. இந்த மூன்று நான்கு எண்களை வைத்துத்தான் எல்லா வித்தையும்.

பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மெலிந்த அலையைப் பிடிக்கும் ஆன்டெனா சின்னது; 19 கிகாஹெர்ட்ஸில் ஒரு பார்வைக்குள் பல பத்துக் கிலோமீட்டர் பரப்பு மொத்தமாக விழுந்துவிடும். வரைபடத்தை 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பனி என்று மதிப்பிடுகிறார்கள். 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் பனி என்றே எண்ணிக்கொள்வார்கள். நீங்கள் செய்தியில் பார்க்கும் ‘பனிப்பரப்பு’ என்பது இப்படி எண்ணிய கட்டங்களின் கூட்டுத்தொகை.

முதலில் படித்தபோது இது எனக்கு அராஜகமாகப் பட்டது. ஆறில் ஒரு பங்குகூடப் பனி இல்லாத இடத்தை எப்படி முழுப் பனி என்பது? ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள சதவீதத்தை அப்படியே கூட்டினால் இன்னும் நேர்மையாக இருக்காதா? அப்படியும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கோடை வந்ததும் பனியின் மேல்பகுதி உருகிக் குட்டைகள் தேங்கும். நுண்ணலைக்குக் குட்டையும் கடலும் ஒன்றுதான். ஒரு மீட்டர் தடிமனுக்குப் பனி கிடந்தாலும் மேலே தண்ணீர் நின்றால் ‘இங்கே பாதிதான் பனி’ என்று கருவி சொல்லும். சதவீதத்தைக் கூட்டும் கணக்கு அங்கே நன்றாக ஏமாறும். 15 சதவீத வரம்பு வைத்த முரட்டுக் கணக்கு அவ்வளவாக ஏமாறாது, பாதி என்றாலும் அந்தக் கட்டம் தேறிவிடுகிறதே. வரம்பை இன்னும் கீழே இறக்கினாலோ, காற்றடித்து நுரைத்த கடலும் கனத்த மேகமும் பனி வேஷம் கட்ட ஆரம்பித்துவிடும். துல்லியமாகத் தோன்றும் எண்ணைவிட, வருடா வருடம் ஒரே விதமாகத் தவறும் எண் மேல் என்று முடிவெடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி.

வடதுருவத்தின் உச்சியில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லவேண்டும். இந்தச் செயற்கைக்கோள்களின் பாதை சரியாகத் துருவத்தின் மேல் போவதில்லை. கொஞ்சம் சாய்ந்தே போகும். ஆகவே உச்சியைச் சுற்றி ஒரு வட்டம் எப்போதும் கண்ணுக்குத் தப்பும். 1987 வரை அந்த வட்டம் கிட்டத்தட்ட 11.9 லட்சம் சதுர கிலோமீட்டர். அடுத்த தலைமுறைக் கருவியில் 3.1 லட்சமாகச் சுருங்கியது. அதற்கும் அடுத்ததில் 29 ஆயிரம். பரப்பைக் கணக்கிடும்போது அந்த வட்டத்துக்குள் பனி இருப்பதாகவே வைத்துக்கொள்கிறார்கள். இன்றுவரை அது நியாயமான அனுமானம்தான்.

இதையெல்லாம் நான் கவனிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு எக்செல் தாள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இருக்கும் என்எஸ்ஐடிசி என்ற பனித் தரவு மையம் தினசரிப் பரப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இறக்கிப் பார்த்தால் முதல் வரி 1978 அக்டோபர் 26. அடுத்த வரி 28. அப்புறம் 30. இப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏறக்குறைய ஒன்பது வருடம். நிம்பஸ்-7 என்ற அந்தச் செயற்கைக்கோளில் எல்லாக் கருவிகளையும் தினமும் ஓட்ட மின்சாரம் போதவில்லை. அதனால் இந்தக் கருவிக்கு முறை வைத்திருந்தார்கள். 1987 நடுவில் வேறு செயற்கைக்கோள் வந்ததும் தாள் தினசரியாகிறது. ஆகிவிட்டது என்று நிம்மதி அடைவதற்குள் 1987 டிசம்பர் தொடக்கத்திலிருந்து 1988 ஜனவரி நடுப்பகுதி வரை ஒரேயடியாகக் காலி. கருவி அளவுக்கு மீறிச் சூடேறியதால் அணைத்து வைத்திருந்த வாரங்கள் அவை. செய்திகளில் வழவழவென்று ஓடும் அந்தக் கோட்டின் உள்ளே இப்படியெல்லாம் இருக்கிறது.

1978க்கு முன்னால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1972 டிசம்பரில் ஏவிய நிம்பஸ்-5இல் ஒரே ஒரு அலைவரிசை பார்க்கும் நுண்ணலைக் கருவி இருந்தது. பனியா நீரா என்று முழு நம்பிக்கையோடு பிரிக்க ஒற்றை அலைவரிசை போதாது, அதனால் முறையான பதிவில் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தக் கருவி கண்டுபிடித்த ஒன்றை வேறு எதுவும் கண்டுபிடித்திருக்க முடியாது. 1974, 75, 76 மூன்று குளிர்காலமும் அண்டார்டிகாவின் வெட்டல் கடலில், சுற்றிலும் பனி இறுகிக் கிடக்க, நடுவில் சுமார் இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கடல் திறந்தே கிடந்தது. ஆழத்திலிருந்து மேலேறி வந்த வெதுவெதுப்பான நீர் பனியை உறைய விடாமல் வைத்திருந்தது. குளிர்கால இருட்டில் கப்பல் போகாத அந்த இடத்தில் அப்படி ஒரு வாய் திறந்திருப்பது, நுண்ணலை இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னும் பின்னால் போனால் 1964. அந்த ஆண்டு செப்டம்பரில் நிம்பஸ்-1 எடுத்த கறுப்புவெள்ளைப் படச்சுருள்கள் பல பத்தாண்டு டப்பாவில் தூங்கின. போல்டரில் இருந்தவர்கள் அவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்து, மேகம் இல்லாத துண்டுகளை ஒன்று சேர்த்துப் பனி விளிம்பைக் குறித்தார்கள். அண்டார்டிகாவைச் சுற்றி 1 கோடியே 97 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று வந்தது. வேறொரு காரியத்துக்காக எடுத்த படத்திலிருந்து 2013இல் ஒரு அளவு!

இனி என் மாமா கதைக்கு வருகிறேன். 2014 செப்டம்பரில் அண்டார்டிகாவின் கடற்பனி முதன்முறையாக 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தச் செய்தி ‘பூமி குளிர்கிறது, விஞ்ஞானிகள் விழி பிதுங்கினர்’ என்ற ரீதியில் குடும்ப வாட்ஸப்பில் சுற்றியது. அம்மாவின் தம்பி, மின்வாரியத்தில் காலமெல்லாம் மீட்டரோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர், போன் செய்தார்.

“ஏன் மாப்ள, வடக்க உருகுது உருகுதுன்னு சொல்ற, தெக்க கூடுதாமே?”

“கூடுதுதான் மாமா. கொஞ்சம். வடக்க குறையுறதுல பாதிகூட வராது.”

“அது கெடக்கட்டும். ஒரே மெஷின்தான் அத்தன வருசமும் அளக்குதா?”

இல்லை, நாலைந்து மாறியிருக்கிறது என்றேன்.

“மீட்டர் மாறுனா ரீடிங் மாறாதா? நாங்க சந்தேகம்னு வந்தா பக்கத்துலயே இன்னொரு செக் மீட்டர மாட்டி ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டுப் பாப்போம். இவங்க அப்படிச் செய்றாங்களா இல்லையா?”

நான் வாசித்த பல நேர்காணல்களில் கேட்கப்படாத கேள்வி அது. செய்கிறார்கள் என்பதுதான் பதில். ஆனால் வானத்தில் செக் மீட்டர் மாட்டுவது நம் கையில் இல்லை. பழைய செயற்கைக்கோள் சாவதற்குள் புதியது மேலே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். நிம்பஸ்-7இன் கருவியும், அதற்கு அடுத்து வந்த எஃப்-8 என்ற அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோளின் கருவியும் சேர்ந்து பார்த்தது 1987 ஜூலை ஆகஸ்டில் ஆறு வாரம்தான். வடக்கில் கோடை, தெற்கில் குளிர்காலம். மற்றப் பருவங்களில் இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த ஆறு வாரத்தை வைத்து, ‘முழுக்க நீர்’ என்றால் என்ன எண், ‘முழுக்கப் பனி’ என்றால் என்ன எண் என்று புதுக் கருவிக்கு வரையறுத்து, இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை திருகினார்கள். எஃப்-8இலிருந்து எஃப்-11, அங்கிருந்து எஃப்-13, எஃப்-17 என்று ஒவ்வொரு மாற்றத்திலும் இதே வேலை.

மாமா அந்தக் கேள்வியைக் கேட்ட அதே 2014இல் இயன் ஐசன்மன், வால்ட் மையர், ஜோயல் நோரிஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை 2007இல் அண்டார்டிகக் கடற்பனியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்றது. 2013 அறிக்கை, கூடுகிறது என்றது. ஆறு வருடத்தில் இயற்கை அவ்வளவு மாறிவிட்டதா? அவர்கள் பழைய தரவுப் பதிப்பையும் புதிய பதிப்பையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் 1991 டிசம்பரில் ஒரு படிபோலச் சட்டென்று எழும்பி நின்றது. அதுதான் எஃப்-8இலிருந்து எஃப்-11க்கு மாறிய மாதம். நடுவில் தரவைத் திரும்பக் கணக்கிட்டபோது அந்த இணைப்பு மாறியிருக்கிறது. சந்தடியில்லாமல் போக்கும் மாறிவிட்டது. இரண்டில் எது சரி என்று வெறும் கழித்தலில் தெரியாது. பழைய பதிப்பில்தான் பிழை, புதியது சரி என்று அந்தக் கணக்கீட்டு முறையை உருவாக்கிய ஜோசஃபினோ கொமிசோ தரப்பு விளக்கம் தந்தது. எப்படியானாலும், அத்தனை பேர் அடித்துக்கொண்ட ஒரு போக்கின் கணிசமான பகுதி, இரண்டு மீட்டர் சந்திக்கும் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. மாமாவிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். அவருக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எல்லாமே சந்தேகம்’ என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இணைப்பில் வரக்கூடிய பிழைக்கு ஓர் அளவு இருக்கிறது. ஆர்க்டிக்கில் 1981 முதல் 2010 வரையிலான சராசரியில் செப்டம்பர் குறைந்தபட்சம் சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் 34 லட்சம்தான், இந்தியாவைவிடச் சற்றே பெரிது. 28 லட்சத்தை எந்தத் திருகாணியாலும் உண்டாக்க முடியாது. அண்டார்டிகாவும் அதன்பின் தானாகவே பதில் சொல்லிவிட்டது. 2016இல் சரிய ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம் என்ற அடிமட்டத்துக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் உச்சம் 1 கோடியே 70 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதற்கு முந்தைய மோசமான ஆண்டான 1986ஐவிடப் பத்து லட்சம் குறைவு. 2014இல் ஆரவாரம் செய்த வாட்ஸப் குழு 2023இல் அமைதியாக இருந்தது.

ஆனால் கருவி சாகும்போது என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009 பிப்ரவரியில் எஃப்-15இன் கருவி மெல்ல மெல்லத் தடம் மாறியது. யாரும் கவனிப்பதற்குள் ஆர்க்டிக் பரப்பு ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் குறைத்துக் காட்டப்பட்டது. கிட்டத்தட்ட நான்கு தமிழ்நாடு காணாமல்போனது. பனி இருந்த இடத்தைக் கடல் என்கிறதே என்று வாசகர்களே எழுதிக் கேட்டார்கள். என்எஸ்ஐடிசி பகிரங்கமாக அறிவித்துவிட்டு எஃப்-13க்குத் தற்காலிகமாகத் திரும்பியது. 2016 ஏப்ரலில் எஃப்-17இன் முறை. 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று கோளாறாக, அவசரமாக எஃப்-18க்கு மாறினார்கள். அதற்குச் சற்று முன்புதான், இருப்பதிலேயே இளையதான எஃப்-19 மேலே போன இரண்டே வருடத்தில் கட்டளைக்குப் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தது. கடைசியாக ஒன்று, எஃப்-20, முழுதாகக் கட்டி முடித்துக் கிடங்கில் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் பணம் தர மறுத்தது. ஏவாமலேயே பிரித்துப் போட்டார்கள்.

அந்தச் செயற்கைக்கோள்கள் பருவநிலைக்காக ஏவப்பட்டவையே அல்ல என்பதை மறக்கக்கூடாது. விமானமும் போர்க்கப்பலும் போகுமிடத்தில் காற்று, மழை, மேகம் எப்படி என்று அறிய ராணுவம் ஏவியவை. பனி ஆய்வு அவற்றில் ஓசியில் ஏறிக்கொண்டது. ஓசிப் பயணத்தில் இறங்குமிடத்தைத் தீர்மானிப்பவர் வண்டிக்காரர்தானே. 2025 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அந்த மாதம் 30ஆம் தேதியோடு இந்தத் தரவை வெளியே கொடுப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் கெடு ஜூலை 31 ஆனது. பிறகு அந்த முடிவையே கைவிட்டார்கள். அதற்குள் போல்டரில் இருந்தவர்கள் ஜப்பானின் கருவிக்கு மாறும் வேலையில் இறங்கியிருந்தார்கள். 2012இல் ஏவிய ‘ஷிசுகு’வில் இருக்கும் ஆம்சர்-2 என்ற அந்தக் கருவியின் ஆன்டெனா பெரியது, பார்வை இன்னும் கூர்மை. அதற்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. 2025 ஜூன் 29 அதிகாலை தானேகாஷிமாவிலிருந்து எச்-2ஏ ராக்கெட் தன் ஐம்பதாவது, கடைசிப் பயணத்தில் ஆம்சர்-3ஐ மேலே கொண்டுபோனது. அமெரிக்கா முதலில் குறித்த கெடுவுக்கு ஒரு நாள் முன்பு. திட்டமிட்டு வந்த பொருத்தம் இல்லை.

பரப்பு மட்டும் போதுமா? போதாது. கால் மீட்டர் தடிமனில் ஒரு சதுர கிலோமீட்டரும், நாலு மீட்டர் தடிமனில் ஒரு சதுர கிலோமீட்டரும் அந்தத் தாளில் ஒன்றேதான். தடிமனை அளப்பது இன்னும் நெஞ்சழுத்தம் வேண்டிய வேலை.

முதலில் அளந்தவை நீர்மூழ்கிகள். 1958இல் யுஎஸ்எஸ் நாட்டிலஸ் வடதுருவத்தின் அடியில் போனதிலிருந்து, மேலே பனி எவ்வளவு தொங்குகிறது என்று எதிரொலியால் பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கே மேலெழலாம் என்று தெரியவேண்டுமே. பனிப்போர் முடிந்தபின் அந்தப் பதிவுகள் சில வெளியே வந்தன. 1958 முதல் 76 வரை எடுத்த அளவுகளையும் 1990களில் எடுத்தவற்றையும் ட்ரூ ராத்ராக் குழு ஒப்பிட்டது. நீருக்கடியில் இருக்கும் பகுதி சராசரி 3.1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது. 1999இல் வெளியான அந்த எண்ணைப் பலர் நம்பவில்லை. நீர்மூழ்கி போன பாதையில் மட்டும் அப்படி இருந்திருக்கலாமே என்றார்கள்.

செயற்கைக்கோளுக்கு அடியில் இருப்பது தெரியாது, மேலே துருத்திக்கொண்டிருப்பது மட்டுமே தெரியும். மிதக்கும் பனியில் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேல். இரண்டு மீட்டர் பனி என்றால் ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணை 700 கிலோமீட்டருக்கு மேலிருந்து அளக்கவேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் தடிமனில் பத்து சென்டிமீட்டர் போய்விடும். இதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை கட்டிய கிரையோசாட் 2005 அக்டோபரில் ரஷ்ய ராக்கெட்டில் ஏறியது. இரண்டாம் நிலை பிரியவில்லை. செயற்கைக்கோள் தான் அளக்கவேண்டிய ஆர்க்டிக் கடலிலேயே போய் விழுந்தது. மனம் தளராமல் திரும்பக் கட்டி 2010 ஏப்ரலில் கிரையோசாட்-2ஐ ஏவினார்கள்.

அது ரேடார் துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது. பனிக்கு நடுவே வெடித்துத் திறந்த நீர்க்கீற்றுகளில் பட்டால் எதிரொலி கண்ணாடிபோலக் கூர்மையாக வரும், பனியில் பட்டால் சிதறி வரும். கீற்றின் உயரத்தைப் பனியின் உயரத்திலிருந்து கழித்தால் துருத்தல் கிடைக்கும். இந்த யோசனையை முந்தைய ஐரோப்பிய ரேடார்களில் செய்து காட்டி 2003இல் எழுதியவர்களில் முதன்மையானவர் லண்டனின் சீமோர் லாக்சன். கிரையோசாட்-2இன் முதல் தடிமன் முடிவுகள் அச்சான 2013இலேயே அவர் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார்.

இதில் நான் அதிகம் ரசிப்பது வேறொரு விஷயம். பனிக்கு மேல் வெண்பனித் தூள் கிடக்கிறது. அதன் பாரம் பனியை நீருக்குள் அழுத்தும். அந்தத் தூள் எவ்வளவு என்று தெரியாமல் துருத்தலிலிருந்து தடிமனுக்குப் போகவே முடியாது. கிரையோசாட்டுக்கு அது தெரியாது. பிறகு எங்கிருந்து எடுத்தார்கள்? சோவியத் யூனியனிடமிருந்து. ‘வட துருவம்’ என்று வரிசை எண் போட்டு, மிதக்கும் பனித்திட்டுகளின் மேல் கூடாரம் அடித்து, திட்டு போகும் திசையில் தாங்களும் போன ஆராய்ச்சி நிலையங்கள் அவர்களிடம் இருந்தன. அங்கிருந்தவர்கள் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் நடந்து பத்து மீட்டருக்கு ஒரு முறை கோலைக் குத்தி வெண்பனியின் ஆழத்தைக் குறித்தார்கள். 1954 முதல் 1991 வரை, தேசமே கலையும்வரை, குறித்துக்கொண்டே இருந்தார்கள். ஸ்டீவன் வாரன் குழு 1999இல் அதையெல்லாம் சேர்த்து மாதவாரியான சராசரி அட்டவணையாக்கியது. இருபத்தோராம் நூற்றாண்டின் ரேடார் தன் கணக்கை முடிக்க, கோல் பிடித்து நடந்தவர்களின் நோட்டுப்புத்தகத்தைத்தான் இத்தனை காலமும் புரட்டிக்கொண்டிருந்தது.

அந்த நிலையங்கள் உறுதியான பழம் பனியின் மேல்தான் அமைக்கப்பட்டன. இன்றைய ஆர்க்டிக்கில் பெரும்பகுதி ஒரு வயதுப் பனி. இலையுதிர்காலத்தின் பெரிய பனிப்பொழிவு வரும்போது அங்கே பனியே உறைந்திருக்காது, தூள் நேராகக் கடலில் விழுந்து கரைந்துவிடும். ஆகவே ஒரு வயதுப் பனிக்கு அட்டவணையின் அளவில் பாதியை வைத்துக்கொள்வது என்று பொதுவாக ஒப்புக்கொண்டார்கள். பாதி! கேட்கக் கரடுமுரடாக இருந்தாலும் விமானத்திலிருந்து எடுத்த அளவுகள் அதை ஆதரிக்கின்றன.

கோலைக் கைவிடும் வழி 2018 செப்டம்பரில் வந்தது. நாசாவின் ஐஸ்சாட்-2 பச்சை லேசரை நொடிக்குப் பத்தாயிரம் முறை சொடுக்குகிறது. ஒரு சொடுக்கில் கோடி கோடியாகப் புறப்படும் ஒளித்துகள்களில் திரும்பிவந்து சேர்வது பத்துப் பன்னிரண்டு. லேசர் வெண்பனியின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கிரையோசாட்டின் ரேடார் வெண்பனியை ஊடுருவிப் பனிவரை போகும் என்பது அனுமானம். ஈரமோ உப்போ இருந்தால் அது முழுவதும் உண்மையாகாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் வித்தியாசம்தான் தூளின் ஆழம். 2020 ஜூலையில் கிரையோசாட்-2ஐ 900 மீட்டர் அளவுக்கு மேலே தூக்கினார்கள். அவ்வளவு சின்ன மாற்றத்தில் இரண்டின் பாதைகளும் குறித்த சுற்றுக்கு ஒருமுறை ஆர்க்டிக் மேல் ஒன்றையொன்று தொடர ஆரம்பித்தன.

இந்த யோசனைக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒரு கை உண்டு. 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-20 ஏவிய சரல் செயற்கைக்கோளில், பிரான்சின் ஆல்டிகா ரேடார் இருந்தது. 35.75 கிகாஹெர்ட்ஸ் அலை. கிரையோசாட்டைவிடக் குறுகியது, வெண்பனியின் மேற்புறத்துக்கு அருகிலேயே திரும்பக்கூடியது. அலைநீளம் வேறுபடும் இரண்டு ரேடார்களைக் கழித்து வெண்பனியை எடுக்கலாம் என்பதை முதலில் முயன்று பார்க்க உதவியது அதுதான். வடக்கே 81.5 டிகிரிக்கு அப்பால் அதன் பாதை போகாது என்பது ஒரே குறை. 2025 ஜூலையில் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து கட்டிய ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் கதை வேறு. தன் பாதைக்கு இடப்பக்கம் மட்டுமே பார்க்கும்படி அதை வைத்தார்கள். அதனால் அண்டார்டிகாவின் உள்பகுதி கிடைக்கும். ஆர்க்டிக்கின் உச்சி கைவிட்டுப்போகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகவேண்டிய நிலையில் தெற்கைத் தேர்ந்தது சரி என்பேன். வடக்கே மற்றவர்களின் ரேடார்கள் இருக்கின்றன.

சரலின் பாடத்தை ஐரோப்பா நிரந்தரமாக்கப் பார்க்கிறது. இரண்டு அலைவரிசையும் ஒரே செயற்கைக்கோளில் இருக்கும்படி கிறிஸ்டல் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது மேலே போனால் சோவியத் அட்டவணைக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். ஆனால் மூன்றரை ஆண்டு ஆயுளுக்குக் கட்டிய கிரையோசாட்-2, 2025இல் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டது. கிறிஸ்டல் வருவதற்குள் அது நின்றுபோனால் தடிமன் கோட்டில் 1987 டிசம்பர் போல ஒரு காலி விழும்; அந்தப்புறமும் இந்தப்புறமும் உள்ள எண்களை எதை வைத்துப் பொருத்துவது என்று பத்து வருடம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து பறக்கப் பல வருடம் வேண்டியதில்லை. அக்டோபரில் பனி உறையத் தொடங்குவதிலிருந்து ஏப்ரல்வரை, குட்டைகள் தேங்காத ஒரு முழுக் குளிர்காலம் கிடைத்தால் போதும்.